அபாயப் பலகை தொங்கிய சைக்கிள்

எங்கள் சேரப்பணஞ்சேரியில் பம்ப்செட்டுக்கு மின்சாரம் வந்த புதிதில் லைன்மேன் ஒருவர் வருவார். காக்கி டிராயர், வாய் நிறைய வெற்றிலை. கம்பத்தில் ஏறுமுன், மண்டையோடு வரைந்த 'அபாயம்' பலகை ஒன்றைத் தன் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுவார். பூட்டு கிடையாது. ஜனங்கள் ஒதுங்கியே நடப்பார்கள்.

"இன்னாண்ணே, சைக்கிள்ல கரண்டு ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடல. ஆனா தொட்டுப் பாத்து சொல்றதுக்கு ஒருத்தனும் வரலியே."

அன்று மாலையே என் மனைவி, டிரான்ஸ்பார்மரைச் சுற்றியிருந்த கம்பி வேலியில் ஈரப்புடவையைக் காயப்போடப் போனாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். வேலியில் எப்போதும் தொங்கும் அபாயப் பலகையைக் காணோம்.

மறுநாள் அவரை மறித்தேன். "வேலியில இருந்து பலகையைக் கழட்டினது நீங்கதானா?"

"டிரான்ஸ்பார்மரு டேஞ்சர்னு ஊருக்கே தெரியும் தம்பி. என் சைக்கிளு டேஞ்சர்னு நான் சொன்னாத்தானே தெரியும்?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியலியேண்ணே."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பலகையை மறுபடி வேலியிலேயே கட்டினார்.

அடுத்த வாரம் நடந்தே வந்தார். சைக்கிள் களவு போயிருந்தது. கோபமே இல்லாமல் அவர் கேட்ட கேள்விக்கு, சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"டிரான்ஸ்பார்மரு பத்திரமா கீதா, தம்பி?"