ஒரு கல், ஒரு குளம், ஒரு ஓட்டு: மறுபடியும் செஞ்சி

இந்த முறை செஞ்சிக்குப் போனது கோட்டை பார்க்க அல்ல, ஒரு அம்மாவுக்குச் சால்வை போர்த்த. ஓட்டு எண்ணி ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை.

போன பயணம் தேர்தலுக்கு முன்பு. கோட்டையின் ராஜகிரி மலையை இருபத்தைந்து நிமிடத்தில் ஏறினேன் என்று அப்போது எழுதியிருந்தேன். உண்மையில் ஒன்றரை மணி நேரம் ஆனது, நடுவில் நான்கு முறை உட்கார்ந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் கதை சொல்வதில் என்னை அடிக்க திண்டிவனத்தில் ஆளில்லை. அந்தத் திறமையைத்தான் அன்று கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்கும் ஆரோக்கியமேரியிடம் காட்டினேன். அவர் ஊர் அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. மண்பாதைதான். தார் ரோடு போடும்வரை யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று மாதா கோயில் முன்னால் ஊரே கூடி முடிவு செய்திருந்தது.

விடுவேனா? கோட்டைக்குள் இருக்கும் குளத்தைக் காட்டி அந்த இடத்திலேயே ஒரு சரித்திரம் கட்டினேன். "குளம் வேணும்னா பானையில ஆளுக்கொரு கல் போடுங்கன்னு ராஜா சொன்னாரும்மா. இத்தன நாள் வெட்டலயேன்னு ஊரே கோவிச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்துடுச்சு. ஒரே ஒரு குயவர் வீட்டுப் பொம்பள போய் ஒரு கல்லப் போட்டா. அந்த ஒரு கல்லுக்கு வெட்டின குளம் இது." யாருக்குப் போட்டாய் என்று எவனுக்கும் தெரியாது, மெஷினுக்கே தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் வெள்ளரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அந்த ஊர் மெஷினில் ஒரே ஒரு ஓட்டு விழுந்ததாகப் பேப்பரில் வந்தபோது, டீக்கடை முழுக்க "அது என் கதைக்கு விழுந்த ஓட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நூற்று இருபது ரூபாய்க்குச் சால்வையும் வாங்கினேன்.

காலை 6.10க்குத் திண்டிவனத்தில் பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், 7.05க்கு செஞ்சி. டிபன் முடித்துவிட்டு கோட்டைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். டிரைவர் அந்த அம்மாவின் ஊர்க்காரர். அவரைப் பற்றி விசாரித்தேன்.

"ஒத்த ஓட்டா? ஊர்ல இப்ப அதுக்கு அதான் பேரு. அத எங்க வண்டில ஏத்தறது இல்லணா."

"ஏம்பா?"

"ஒரு ஓட்டு கூட விழலன்னா கலெக்டரே எறங்கி வந்திருப்பாரு. இது போய் போட்டு கெடுத்துடுச்சு. கேட்டா ராஜா கத சொல்லுது. போறீங்க இல்ல, ராஜா எங்களுக்கு எப்ப ரோடு போடறாருன்னு கேட்டுனு வாங்க."

வண்டியில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் சால்வைப் பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

ஆரோக்கியமேரி அதே இடத்தில் இருந்தார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, மெயின் ரோட்டில் பஸ் பிடித்து வருகிறாராம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கணா. யாருக்குப் போட்டேன்னு எங்க வூட்டுக்காரருக்கே சொல்லல. எண்ணி முடிச்ச அன்னிக்கு அந்த ஒண்ணு எந்தச் சின்னத்துக்கு விழுந்துதுன்னு ஊரே செல்போன்ல பாத்துட்டுது. மெஷினுக்கே தெரியாதுன்னீங்களே."

ஒரே ஓட்டு என்றால் ரகசியம் ஏது? இது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஜெயிச்சவங்க வந்தாங்களாம்மா?"

"யாரும் வரல. ரோடும் வரல. கோயில்ல நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்கறவ எழுந்து போறா." கத்தியைத் துடைத்துவிட்டு, "அந்தக் கதையில ஒண்ணு கேக்கணும்ணா" என்றார். "குளம் வெட்டினப்பறம் எல்லாரும் வந்து தண்ணி மொண்டாங்க இல்ல. அந்தப் பொம்பளயாண்ட பேசினாங்களா?"

வாயைத் திறந்தால் கதை கொட்டும் எனக்கு. பேசினார்கள், பூ வைத்தார்கள், சிலை வைத்தார்கள் என்று நொடியில் சொல்லியிருக்கலாம். "அந்தக் கதை நான் கட்டினதும்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சால்வை பையை விட்டு வெளியே வரவில்லை.

ஓட்டுப் போட்டவருக்கும் ரோடு இல்லை, போடாதவர்களுக்கும் இல்லை. அவருக்கு ஊரில் பேச்சுத் துணை இல்லாமல் போனது மட்டும் என் கைவேலை.

போகிறவர்களுக்கு: நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்குங்கள், பதினொன்றுக்கு மேல் படிக்கல் சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். குரங்கு இருக்கிறது, தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். உள்ளே இருக்கும் குளத்தை யார் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் இடது பக்கம் வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா இருப்பார். வாங்குங்கள், கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள். அந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்கலாம். கதை எதுவும் கட்டிவிடாதீர்கள்.