வாழையடியில் இறக்கிய கம்பி

எங்கள் அண்ணர் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரது திதிக்கு வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவர் வாழ்வைச் சொல்வது தங்கை என்ற முறையில் என் கடமை. அவர்மீது ஊர் சுமத்திய ஒரு பழியைப் பற்றிய உண்மையைச் சொல்வது அதனிலும் பெரிய கடமை. அதைப் பதினொரு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன்.

அண்ணர் வேலணையில் பிறந்தார். புகையிலைத் தோட்டம் செய்த ஐயா காய்ச்சலில் போனபோது அவருக்குப் பதினான்கு வயது. பாடசாலையை விட்டுக் கொழும்புக்குப் போய், ஒரு வயரிங்காரரிடம் வேலை பழகினார். அவர் அங்கே சுவர்களைத் துளைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் இங்கே படித்து ஆசிரியையானேன். தீவுக்கு மின்சாரம் வந்ததும் ஊர் திரும்பினார், மச்சாளைக் கைப்பிடித்தார், ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். நாங்கள் எல்லோரும் ஒரே வளவில் இருந்தோம்.

எந்த வீட்டில் வேலை முடித்தாலும் விளக்கைப் போட்டுக் காட்டுமுன் மண்ணில் இறக்கும் எர்த் கம்பியைத்தான் சோதிப்பார். "வெளிச்சம் வாறது பெரிய காரியமில்லை. வழிதவறின கரண்ட் மண்ணுக்குள்ள போக ஒரு பாதை வேணும். பாதை இல்லாட்டி அது ஆளைத் தேடும்" என்பார்.

எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றியுள்ள கிணறுகள் உவர் என்பதால் பல வீட்டார் குடத்தோடு எங்களிடம் வருவார்கள். அந்தக் கிணற்றுக்கு மின்மோட்டார் பூட்டியபோது, கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் வாழையடியில் அண்ணர் குழி தோண்டி எர்த் கம்பியை இறக்கினார். தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வளவுச் சின்னம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றார்.

"என்ன தம்பி, குடிக்கிற தண்ணிக்குள்ள கரண்டை விடப்போறியோ?"

"ஓம் சின்னம்மா. இனி உங்களுக்கு அடுப்பு மூட்டத் தேவையில்லை. தேத்தண்ணி குடத்துக்குள்ளேயே கொதிக்கும்."

"உந்தப் பகிடியை விடு. எங்கட தொண்டைக்கு இருக்கிறது இந்த ஒரு கிணறுதான்."

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் படித்தவள் அல்லவா?

"அண்ணை, தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். புத்தகத்திலேயே கிடக்கு" என்றேன்.

"கடத்தவேணும் எண்டுதானே தங்கச்சி ஈரத்தில இறக்கிறது."

"நாளைக்கு ஆருக்கும் ஏதும் நடந்தால் ஊர்ச்சனம் என்னைத்தான் கேக்கும். படிப்பிக்கிறவள் பாத்துக்கொண்டு நிண்டவள் எண்டு சொல்லுவினம். உதைப் பிடுங்குங்கோ."

அண்ணர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். பின்பு, "சரி, ரீச்சர் சொன்னால் கேக்கத்தானே வேணும்" என்று சிரித்தபடி கம்பியைப் பிடுங்கினார். வீட்டின் பின்புறம் வேலியோரத்தில் அதை அடித்தார். அங்கே ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கம்பி அதற்குமேல் இறங்கவில்லை.

கல்நிலம் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்பதால் கோடை முழுவதும் அந்த இடத்துக்கு நாள்தோறும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். பதினொரு ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு வருடம், நயினாதீவில் திருவிழா விளக்கு வேலைக்குப் புறப்படும்போது அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். "மறந்துபோடாதை தங்கச்சி. ஒரு வாளி. அவ்வளவுதான்."

நான் மறக்கவில்லை. கிணற்றில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. அரைக்குடம் தண்ணீருக்காகப் பெண்கள் வரிசையில் காத்து நின்றார்கள். அவர்கள் பார்த்திருக்க ஒரு வாளி நல்ல தண்ணீரை வெறும் மண்ணில் ஊற்ற எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் ஊற்றினேன். பின்பு விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் காலை, மோட்டாரின் உள்ளே உறை தேய்ந்திருந்த கம்பியிலிருந்து மின்சாரம் அதன் இரும்பு உடலுக்கு வந்துவிட்டது. காய்ந்த கல்லில் அதற்குப் பாதை இல்லை. ஈரக் காலோடு கிணற்றடியில் நின்று மோட்டாரில் கைவைத்த மச்சாள் அதற்குப் பாதையானார்.

செய்தி கேட்டு வள்ளத்தில் வந்த அண்ணர், மச்சாளின் உடலைப் பார்த்தபின் வேலியோரம் போய்க் குந்தி, காய்ந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மரண விசாரணைக்கு வந்த அதிகாரி கம்பியை யார் அங்கே அடித்தது என்று கேட்டார். "நான்தான் ஐயா அடிச்சனான்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், கம்பியை முதலில் தோண்டிய வாழையடிக் குழியிலேயே அவர் மீண்டும் இறக்கினார். இம்முறை ஒருவரும் தடுக்கவில்லை. "சொந்தப் பெண்சாதிக்கு எர்த் குடுக்கத் தெரியாதவன்" என்ற பேச்சு ஊரில் பரவியது. வேலைக்கு அழைப்பவர்கள் குறைந்தார்கள். ஒன்பது வயது மகளைத் தாய்வழியினர் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிச் சென்றார்கள். வருடப்பிறப்புக்கு வருவாள், தகப்பன் முகத்தைப் பாராமல் கைவிசேடக் காசை வாங்கிக்கொண்டு போவாள். அண்ணர் பஸ் மறையுமட்டும் வாசற் படலையில் நிற்பார்.

வாழையடி எப்போதும் ஈரம். ஆயினும் அண்ணர் அங்கே நாள்தோறும் ஒரு வாளி ஊற்றினார். மாரி மழையிலும் ஊற்றினார்.

"மழை பெய்யுதெல்லே அண்ணை" என்பேன்.

"ஓம். பழகிப்போச்சு."

கடைசியில் நெஞ்சுவருத்தம் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிப்போடவோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இப்ப ஏன்? உன்னட்டைப் படிக்கிற பிள்ளையள் உன்னை நிமிர்ந்து பாக்கவேணும்" என்றார். அப்போதும் நான் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன். நான்காம் நாள் அவர் கண்மூடினார்.

அவரைக் கண்ணுங்கருத்துமாய்ப் பார்த்த வைத்தியருக்கும் தாதியர்க்கும், கார் பிடித்துக் கொண்டுசென்ற அயலவர்க்கும், பந்தலிட்டு, பாடை சுமந்து, எட்டாம் நாள் சடங்குவரை எம்மோடிருந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. பதினொரு ஆண்டு அவரைப் பற்றி ஒரு பழிச்சொல்லும் பேசாதிருந்த சிலருக்கும் நன்றி.

என் மருமகளே, உனக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் அப்பா அந்தக் கம்பியைச் சரியான இடத்தில்தான் முதலில் இறக்கினார். பிடுங்கச் சொன்னவள் நான். தண்ணீர் ஊற்றாமல் விட்டவளும் நான்.