பெரியவர்கள் கை படாத பெட்டி

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய தொடக்கப்பள்ளி அது. சேலத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த தலைமை சிஸ்டர், மாதா சொரூபத்துக்குப் பக்கத்துச் சுவரில் அதை மாட்டச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பயமோ குறையோ இருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டாம். பெரியவர்கள் திறந்தால் பிள்ளைகள் பயந்துகொண்டு எழுத மாட்டார்கள் என்று, பெட்டியில் பெரியவர் யார் கையும் படக்கூடாது என ஒரு விதியும் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாணவர் தலைவி அதைத் திறந்து, காலை ஜெபம் முடிந்ததும் சீட்டுகளை மைக்கில் படிக்க வேண்டும். அந்தத் தலைவி நான்தான். சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்து என் கழுத்தில் மாட்டினார்கள். அன்று நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கே எரிச்சலாக வருகிறது.

முதல் நாலு வாரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. கக்கூஸ் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று படித்தேன், அடுத்த வாரம் வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் காதைத் திருகுகிறார் என்று படித்தேன், அந்த டீச்சர் எல்லார் முன்னாலும் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்தார். அப்படியெல்லாம் நடக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை.

ஐந்தாவது வாரம் வந்த சீட்டில் இரண்டே வரிதான் இருந்தது. ‘வேன் பின்கதவு ஓடும்போது தானா திறந்துக்குது. எனக்குப் பயமா இருக்குது.’

வேன் ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சீட்டில் இருந்த கையெழுத்து நஸ்ரினுடையது. கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தவரின் மகள், வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். அவள் ஏறும் இடத்துக்கு வருவதற்குள் வேன் நிரம்பிவிடும், அதனால் பின்கதவை ஒட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். எனக்கு மாமா பக்கத்தில் முன்சீட்டு. அது எனக்குப் பிறவியிலேயே எழுதிக்கொடுத்த இடம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டை நான் படிக்கவில்லை. மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டேன். குடும்பமானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு சாயங்காலம் மாமாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எழுதுனது ஆருன்னு தெரியுமா கண்ணு?"

சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

பூட்டு மாற்ற வேண்டுமென்றால் வண்டியை இரண்டு நாள் பட்டறையில் விடவேண்டும், அதற்குள் பள்ளிக்கூடம் வேறு வேனை வைத்துவிடும் என்று மாமா அம்மாவிடம் முனகினார். என்னிடம், "நான் பாத்துக்கறேன். நீ ஆருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி" என்றார். அவர் பார்த்துக்கொண்டது, கதவை உள்பக்கம் ஒரு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியதுதான்.

திங்கட்கிழமை காலை நஸ்ரின் ஏறியபோது மாமா சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"அம்முணி கையெழுத்து முத்துமுத்தா இருக்குதுங்க."

மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நஸ்ரின் என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். என் மாமா கெட்டவர் இல்லை. லேட்டாக வரும் பிள்ளைக்காக வண்டியை நிறுத்திக் காத்திருப்பவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதன்பிறகு அந்தக் கையெழுத்தில் சீட்டு வரவில்லை. கயிறு தளர்ந்தால் நஸ்ரினே இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஐப்பசி மழைநாள் ஒன்றில், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் எதிரே ஒரு கரும்பு லாரி வந்தது. மாமா வண்டியைச் சட்டென்று ஓரம் ஒடித்தார். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. கதவு அடித்துக்கொள்ளும் சத்தமும் பிள்ளைகள் அலறலும் சேர்ந்து கேட்டன. நான் இறங்கி ஓடியபோது அவளுடைய பை ரோட்டில் கிடந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி அவள் கிடந்தாள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. இன்றுவரை அவள் கோலூன்றித்தான் நடக்கிறாள்.

மாமாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. திங்கட்கிழமை சிஸ்டர் மைக்கின் முன்னால் நின்று அழுதார். கதவை ஒருநாளாவது தான் போய் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், பெட்டியை மாட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "ஒரு பிள்ளைகூட எழுதலையே" என்றார். நான் சாவியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன். சீட்டை அதற்கு முந்தின நாளே கிழித்துக் கிணற்றில் போட்டிருந்தேன்.

அந்த வாரம் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனார். நஸ்ரினின் அம்மா எங்களைத் திட்டவில்லை, அதுவே தாங்க முடியாமல் இருந்தது. அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கதவு சரியில்லன்னு ஸ்கூல்ல யாருகிட்டயாச்சும் சொன்னியாம்மா?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"இல்லம்மா."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கொண்டுபோன ஆரஞ்சை உரித்து அவளுக்குக் கொடுத்தேன், நானும் இரண்டு சுளை தின்றேன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, இன்னும் அவள் என் சிநேகிதிதான் என்று வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைக் காப்பாற்றவில்லை. சொன்னால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தவள்.