சின்னத்தாயி வாங்கிய லீவு

ஏற்காடு மலையில் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரன் பொன்னுவேலுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. எஸ்டேட்டில் நெட்டை நெட்டையான சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறித்துப் பழகியவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றுக்குச் சாரம் கட்ட ஆள் எடுத்தபோது ஏஜெண்ட் முதலில் பொறுக்கியது அவனைத்தான். ஒர்க் பெர்மிட் வந்தது. தொண்ணூறாம் வருசம் விமானம் ஏறினான்.

அங்கே வருசத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு லீவு உண்டு. ஊருக்குப் போகாதவர்கள் அதைக் கம்பெனிக்கே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். முதல் வருசம் விற்றதில் ஏஜெண்டுக்காகப் பட்ட கடன் அடைந்தது. அடுத்த வருசம் விற்றதில் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். அதற்குப் பிறகு விற்பதே பழக்கமாகிவிட்டது.  ஊரில் அவன் மனைவி சின்னத்தாயி சொந்தக் காப்பித் தோட்டத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டாள்.

ஒரு வருசம் காப்பி விலை மளமளவென்று ஏறியது. அவசரப்பட்டு விற்காமல் கொட்டையை மூட்டை கட்டி வைத்திருந்த சின்னத்தாயி கையில் நல்ல பணம் சேர்ந்தது. அந்தச் சமயம் ஏற்காடு ஒண்டிக்கடையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவளை வரச்சொல்லிப் பேசிய பொன்னுவேல், இந்த வருச லீவையும் கம்பெனிக்கே விற்றுவிடப்போகிறேன் என்றான்.

"ஏனுங்க, கம்பெனி என்ன வெல குடுக்குது?"

சொன்னான்.

"அதுக்கு மேலயே நான் தாரனுங்க. லீவ எனக்கு வித்துருங்க."

பூத்துக்காரர் பெருமாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போய்விட்டார்.  மறுமுனையில் பொன்னுவேல், சரி, வருகிறேன் என்றான்.

மார்கழியில் வந்து சேர்ந்தான். மறுநாள் காலையிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கக் கிளம்பியவனை அவள் நிறுத்தினாள்.

"பழத்துக்கு ஆள் உட்டாச்சுங்க. நான் வாங்குனது லீவு. கூலியாளு இல்ல."

கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினாள். புது மொபெட். பஸ்ஸுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போனவள், தானே வாங்கி வைத்திருந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுக்க அவன்தான் வேண்டும் என்றாள்.

பொன்னுவேலுக்கும் ஓட்டத் தெரியாது. சொல்ல வெட்கப்பட்டு ஏறி உட்கார்ந்து முறுக்கினான். வண்டி நேராகக் காப்பிச் செடிக்குள் போய்ச் சாய்ந்தது. பழம் பறித்த பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். சின்னத்தாயி சிரித்துச் சிரித்து, நிற்கமுடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் இரண்டு பேருமாக வண்டியைப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார். முதலில் கைவந்தது அவளுக்குத்தான். அவனைப் பின்னால் வைத்துக்கொண்டு சேர்வராயன் கோயில் வரை போய்வந்தாள். ஊரார் சில நாள் வேடிக்கை பார்த்தார்கள். பொங்கலுக்குள் அவர்களுக்கும் சலித்துவிட்டது.

புறப்படும்போது பேசியபடி பணத்தை நீட்டினாள். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டான். விற்றது விற்றதுதான் என்று சட்டைப் பையில் திணித்தாள். சேலத்தில் இறங்கியதும் அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி, ஏற்காடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். மலைக்காற்றில் வண்டி ஓட்டுகிறவள் அல்லவா.

அதற்குப் பிறகு அவன் லீவை விற்கவில்லை. பெர்மிட் இருந்தவரை மார்கழிக்கு மார்கழி வந்துபோனான். ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்து மிளகுக்கொடி போட்ட பிறகும் வண்டியை ஓட்டியது அவள்தான்.