குதிகாலில் ஒரு கொப்புளம்

யுத்த காலத்தில் திருமங்கலத்தில் இருந்துகொண்டு, சுற்றியிருந்த ஊர்களுக்கு மருத்துவச்சியாகப் போய்வந்தேன். புருஷன் இறந்த பிறகு மதுரையில் படித்துத் தேடிக்கொண்ட வேலை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் அடுப்புக்கரியைப் போட்டு ஓடின. ஓடிய நேரத்தைவிட வழியில் நின்ற நேரம் அதிகம். அதனால் எனக்குப் பெரும்பாலும் நடைதான். கோடையில் கரிசல் பாதை கொதிக்கும்.

பழைய செருப்பு அறுந்துபோய்ப் புதிது வாங்கியிருந்தேன். விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்தால்தான் புதுத் தோல் இளகும். அதற்குப் பொழுது கிடைக்கவில்லை. போட்ட அன்றே ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்புகையில், வலது குதிகாலில் சூடு வைத்தது போல எரிந்தது. கொப்புளம் வருவதற்கு முன்னால் அப்படித்தான் எரியும். அப்போதே உட்கார்ந்து துணியைச் சுற்றியிருந்தால் அதோடு போயிருக்கும். உட்கார நிழல் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது, புளியங்கொட்டை அளவுக்குத் தோல் உப்பி, உள்ளே தெளிந்த நீர் நின்றது.

கொப்புளத்தை முள்ளால் குத்தாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவள் நான். குத்தவில்லை. காய்ச்சிய உப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் கட்டினேன். மறுநாளும் பிரசவம் பார்க்க நடக்க வேண்டியிருந்தது. வழியில் அது தானாகவே உடைந்தது. தோலைப் பிய்க்காமல் படியவைத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். கட்டுக்குள் புழுதி போய்விட்டது போலும். சில நாளில் நீர் கலங்கி, நாற்றம் வந்தது. குதிகாலைச் சுற்றிச் சிவந்து, தொடை இடுக்கில் நெறி கட்டியது. சீழ் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. காய்ச்சலோடு பாயில் சுருண்டு கிடந்தேன்.

மத்தியானம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. கூலி வேலை செய்கிற ஒருவர், முன்பே பழக்கம். வண்டிக்குள் வைக்கோல்மேல் அவர் மனைவி வலியில் முனகிக்கொண்டிருந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தபடி அவளுடைய அக்கா.

"நர்சம்மா, வலி எடுத்துருச்சு. கைய வச்சுப் பாருங்கம்மா."

"நான் தொடக் கூடாதுய்யா. கால்ல சீழ் வச்சிருக்கு. நான் தொட்டா அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்துரும். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க."

"கால்லதானம்மா புண்ணு? கை நல்லாத்தான இருக்கு? அம்புட்டுத் தூரம் இவ தாங்குவாளா?"

புண்ணைத் துடைத்துக் கட்டியதும் இதே கைதான், கழுவினாலும் விஷம் ஒட்டியிருக்கும் என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சீழ் வைப்பதற்கு முன்பே கத்தரியையும் நூலையும் கொதிக்கவைத்துப் பொட்டலமாகக் கட்டியிருந்தேன். அதையும் சோப்பையும் அக்காவே எடுத்துக்கொள்ளட்டும் என்று அலமாரியைக் காட்டினேன். ஒரு குடம் வெந்நீரும் ஏற்றச் சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிப் போய் வண்டியின் முன்பக்கம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பள்ளத்திலும் குதிகாலில் ஊசி இறங்கியது. கப்பலூர் தாண்டியதும் உள்ளே அவள் முனகல் முக்கலாக மாறியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"நிறுத்துங்க. இனி ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது."

அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் பாத்ததே இல்ல."

"நான் சொல்றத மட்டும் செய்யி. மொதல்ல கையக் கழுவு. முழங்கை வரைக்கும். நகத்துக்குள்ளயும் தேயி."

தேய்த்தாள். நான் எட்ட இருந்தபடியே பார்த்துச் சொன்னேன். இழுக்காதே. தலையைத் தாங்கு. அவளை மூச்சு வாங்க விடு. என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அத்தனை வருஷ வேலையில் அதைவிட எனக்கு ஆற்றாமை தந்தது எதுவுமில்லை. கடைசியில் குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து அக்காவின் கையில் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"முதுகத் தேச்சு விடு. நல்லா."

பிறகு அழுதது. பெண். தொப்புள்கொடியில் நூலை எங்கே கட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லி முடிக்கும்போது எனக்குக் கண் இருட்டியது.

மதுரை ஆஸ்பத்திரியில் அவர்களைப் பிரசவ வார்டில் சேர்த்தார்கள். என்னை வேறு பக்கம் கொண்டுபோய், செத்த தோலை வெட்டிச் சீழை வடித்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். கத்தக்கூட வலு இல்லை. தூங்கித் தூங்கி விழித்தேன். காய்ச்சல் இறங்கி, நெறி வற்றப் பல நாளாயிற்று.

ஒரு சாயங்காலம் அந்த மனிதர் வந்து கட்டிலருகே நின்றார்.

"ரெண்டு பேருக்கும் காச்ச இல்லம்மா. நாளைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாக."

"பால் குடிக்குதா?"

"குடிக்குது." கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க தொடமாட்டேன்னதும் எனக்கு ஆத்திரமா வந்துச்சு."

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அவரும் பல ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். ஏதோ சொல்ல வந்தவர் பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நான் எழுப்பவில்லை.