பெருவிரல் அளவில் ஒரு அடப்டர்

போன கிழமை மகள் புது லெப்டொப் ஒன்று வாங்கி வந்தாள். அதன் விலாவில் பருப்பு நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அவளுடைய பழைய மவுஸின் வயர் அதற்குள் போகவில்லை. கைப்பையைத் துழாவிப் பெருவிரல் அளவில் ஒரு சாமானை எடுத்தாள். ஒரு பக்கத்தை லெப்டொப்பில் குத்தி, மறுபக்கத்தில் மவுஸைக் குத்தினாள். திரையில் அம்புக்குறி ஓடியது.

“இவ்வளவுதான் வாப்பா வேல,” என்றாள்.

இவ்வளவுதான் வேலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நான் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

புதுச் சாமான் சூடாகும்போது ஒரு பிளாஸ்டிக் வாசம் வருமே, அது மூக்கில் பட்டால் எனக்கு சவூதியில் நான் வேலை செய்த கந்தோர்தான் நினைவுக்கு வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அங்கே தேத்தண்ணி ஊற்றுவதும் தரை துடைப்பதும் என் வேலை. ஒரு முறை பழைய கம்பியூட்டர்களையெல்லாம் தூக்கி எறியச் சொன்னார்கள். வாய் திறந்து எதையும் கேட்காத நான் அன்று மட்டும் கேட்டேன். ஒன்றைத் தந்தார்கள். கம்பளிப் போர்வையில் சுற்றிக் கப்பலில் போட்டேன். அது ஊர் வந்து சேர்ந்தபோது நானும் லீவில் வந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடி போவான். ஆகவே கம்பியூட்டரும் என்னைப் போலவே கல்முனையில் மாமி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது. முன் அறையில் வைத்தோம். என் மனைவி பரீதா தன் பழைய சாரியை வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்து அதற்கு ஓர் உறை தைத்தாள். சவூதிச் சாமான் என்றபடியால் கீபோர்ட்டில் அறபு எழுத்துகளும் இருந்தன. மாமி அதைக் கண்டதும் பதறிவிட்டார்.

“அறபு எழுத்து இரிக்கிற சாமான கால்மாட்டில வெக்கப்படாது மருமகன்.”

“மாமி, அது குர்ஆன் இல்ல. கீபோர்ட்,” என்றான் என் கூட்டாளி ஜௌபர்.

“எழுத்து எழுத்துத்தானே மகன்.”

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் கீபோர்ட் கழற்றப்பட்டு அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். படிக்க வந்த பெண் பிள்ளைகளில் சிலர் தொழப் போவதுபோல் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டு வந்து அதைத் தொட்டார்கள். சிரிக்காதீர்கள், அப்படித் தொட்டவர்களுக்கு ஓர் எழுத்துக்கூடப் பிழையாக விழுந்ததில்லை.

வகுப்பு என்று சொன்னேன் அல்லவா? அதுதான் எங்கள் திட்டம். ஜௌபர் கொழும்பில் கோர்ஸ் படித்தவன், அவன் படிப்பிப்பான். அறையும் மெஷினும் என்னுடையவை. கூட்டுவது, வயர் பொருத்துவது, செருப்புகளை ஒழுங்காக வைப்பது எல்லாம் நான். நோன்புப் பெருநாள் வரைக்கும் வகுப்பு நின்று பிடித்தால் நான் திரும்பிப் போவதில்லை என்று பரீதாவிடம் சொல்லியிருந்தேன். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அவள்தான் ஒரு நாள் என் சீனித் தேத்தண்ணியைக் கீபோர்ட்டின் மேல் ஊற்றினாள். பிறகு எறும்பும் வந்தது. எழுத்துகள் ஒட்டிக்கொண்டன.

ஜௌபர் புதிது வாங்கக் கொழும்புக்குப் போய் வெறுங்கையோடு வந்தான்.

“இப்ப வாற கீபோர்ட் எல்லாம் சின்ன முனை மச்சான். உண்ட மெஷின்ல இரிக்கிறது பெரிய ஓட்ட. பெரிய முனை செய்யிறதயே நிப்பாட்டிட்டானுகள்.”

மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மவுஸ் நேராகக் குத்தப்பட்டிருக்கவில்லை. அதன் வயருக்கும் மெஷினுக்கும் நடுவே அகலமான ஒரு துண்டு இருந்தது. சவூதியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தது.

“மவுஸுக்கு நடுவுல ஒண்டு மாட்டி இரிக்கே. அது மாதிரி கீபோர்ட்டுக்கு இல்லையா?” என்று மெல்லக் கேட்டேன்.

ஜௌபர் சிரித்தான். “அது வேற லைன் மச்சான், இது வேற லைன். உனக்கு விளங்கப்படுத்த ஏலாது.”

பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அன்றிரவு பரீதா, “கொழும்பில ஒரு கடையிலயும் இல்லையாமா?” என்றபோது, “அவன் படிச்சவன், உனக்கென்ன தெரியும்?” என்று அவள்மேல் பாய்ந்தேன். அவன் என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

“மெஷின் சும்மா கிடந்து கறள் பிடிக்கப் போகுது. நான் கொண்டு போய் பார்ட்ஸுக்குக் கழட்டிப் பார்க்கன்,” என்றான் ஜௌபர் மறுநாள். நானே தூக்கி ஆட்டோவில் வைத்தேன். வெயில் படும் என்று உறையையும் போட்டுவிட்டேன். பெருநாள் முடிந்த மறுகிழமை எனக்குப் பயணம். கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் வேனில் கூட வந்தவன் அவன்தான். என்னைக் கட்டிப் பிடித்து அழுதான். என் சேர்ட்டின் தோள் நனைந்திருந்தது. அந்த அழுகை பொய் என்று இன்றும் எனக்குச் சொல்ல முடியவில்லை. அதுதான் தாங்க முடியாதது.

திரும்பவும் அதே கந்தோர், அதே தேத்தண்ணி. ஒரு நாள் ஸ்டோர் அறையைத் துப்புரவாக்கும்போது ஒரு பெட்டி அகப்பட்டது. உள்ளே பெருவிரல் அளவில் சாம்பல் நிறச் சாமான்கள். ஒரு பக்கம் பெரிய முனை, மறுபக்கம் சின்ன ஓட்டை. ஸ்டோர் பார்க்கும் மலையாளி, “கீபோர்ட் அடப்டர். எத்தனை வேணும்? அள்ளிக்கொண்டு போ,” என்றார்.

அந்த நேரம் எனக்கு ஜௌபர் மேல் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. பாவம், அவனுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்றுதான் நினைத்தேன். ஒரு காலுறை நிறைய அள்ளி முடிச்சுப் போட்டு வைத்தேன். அடுத்த லீவு வரைக்கும் அது என் தலையணைக்குக் கீழே இருந்தது.

அந்த யுத்த காலத்தில் கொழும்பிலிருந்து ஊர் வந்து சேர்வதற்குள் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காலுறைக்குள் இரும்புச் சாமான் என்றால் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு இடத்திலும் மேசையில் கொட்டினார்கள். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் ‘மாத்தயா, கம்பியூட்டர், கம்பியூட்டர்’ என்று கெஞ்சினேன். ஓர் ஆமிக்காரப் பையன் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒன்றும் தொலையாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜௌபர் சம்மாந்துறையில் வகுப்பு நடத்துகிறான் என்று கேள்விப்பட்டு, மறுநாளே காலுறையோடு போனேன். சத்தம் போடாமல் நுழைந்து அவனைத் திடுக்கிட வைக்க நினைத்தேன்.

முதலில் கண்ணில் பட்டது லேஸ் வைத்த உறை. மடித்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். பிறகு மெஷின். ஒரு பிள்ளை புதுக் கீபோர்ட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். பெரிய ஓட்டையில் பெருவிரல் அளவில் ஒரு சாமான், அதில் சின்ன முனை.

“மச்சான்! எப்ப வந்த?” ஜௌபரின் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு சரியானது. நான் எங்கே பார்க்கிறேன் என்பதை அவன் கண்டுவிட்டான். “அது பிறகுதான் வந்திச்சி மச்சான். இப்ப, கிட்டடியில.”

நான் அந்தப் பிள்ளையிடம், “எப்ப இருந்து படிக்கிறீங்க மகள்?” என்று கேட்டேன்.

“நான் இப்பதான் சேர்ந்த. எங்கட மூத்த ராத்தாதான் முதல் பெட்ச். முந்தின வருசம் பெருநாள் முடிஞ்ச கையோட துவங்கினாங்க. அவவும் இதிலதான் படிச்ச.”

பெருநாள் முடிந்த கையோடு. அப்போது நான் பயணப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி தந்தான், குடித்தேன். “இவர் எண்ட உசிர்க் கூட்டாளி,” என்று பிள்ளைகளிடம் சொன்னான். பைக்குள் காலுறை கனத்தது. அதோடேயே எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் பரீதாவின் சாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “உம்மா, இந்த ஆள் எப்ப போவார்?”

காலுறையை அவிழ்த்து அவள் முன்னால் கொட்டினேன். அவள் அவற்றைச் சட்டி பானையாக்கி, மண் நிரப்பிச் சோறு சமைத்தாள். எனக்கும் ஒன்றில் சோறு போட்டாள். லீவு முடிந்து நான் போனேன். பிறகு பல முறை வந்தேன், பல முறை போனேன்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருடம் அந்த முன் அறை போனது. மாமியும் போனார். ஜௌபரின் வகுப்பு இப்போது போன் கடை. பள்ளிவாசலில் கண்டால் “மச்சான்” என்று சலாம் சொல்வான். நானும் பதில் சொல்வேன். அந்தப் பெரிய ஓட்டை உள்ள மெஷினை இப்போது எங்கும் காணவில்லை.

நேற்று மகள் வேலைக்குப் போகும் அவசரத்தில் தன் அடப்டரை மேசையில் மறந்துவிட்டாள். நான் செருப்புக்கூடப் போடாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனை வரைக்கும் ஓடினேன். ஸ்கூட்டியை நிறுத்திச் சிரித்தாள்.

“இதுக்கா வாப்பா இந்த ஓட்டம்? எந்தக் கடையிலயும் இரிக்கே.”

“ஓம் மகள், இரிக்கி,” என்றேன்.

அவள் போன பிறகும் ஒழுங்கையில் நின்றேன். நான் இப்போது எங்கும் போவதில்லை. ஆனால், எப்போது போவேன் என்று கேட்ட அந்தச் சின்னப் பிள்ளைக்கு அதைச் சொல்ல எனக்கு வழியில்லை.