கடலுக்கு லீவு விட்ட நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் யோசித்துவிட்டேன். ஒன்று, எனக்கு எழுத வராது, பத்தாவதோடு நின்றவன். இன்னொன்று, பக்தியோடு செய்த காரியமே தப்பாகப் போன கதை இது. படிக்கிறவர்கள் சாமி கும்பிடுகிறவர்களையே கேலி செய்வார்களோ என்று பயம். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. சிரிக்கட்டும். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஒரகடத்துக்குப் பக்கத்தில். கார் சீட் செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். மாடி அறையில் ஒரு டிரைவர் வாடகைக்கு இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். வேறொரு கம்பெனியின் வெளிநாட்டு அதிகாரிக்குக் கார் ஓட்டினார். அந்த அதிகாரி சொந்த ஊருக்குத் திரும்பும் நேரம் வந்தது. வீட்டில் வைத்திருந்த கடல் மீன் தொட்டியை விமானத்தில் ஏற்ற முடியுமா? மீன்களை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்துக்கு டிரைவர் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, கடல் ஒண்ணு சல்லிசா வருது. வேணுமா?"

ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் இருந்த கடல் தொட்டியில் ஆரஞ்சு நிற மீன்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆசை. பல் வலியே மறந்துபோய், என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவன் நான். மூளை யோசிப்பதற்கு முன்னால் வாய் வேணும் என்று சொல்லிவிட்டது.

குட்டி யானை வண்டியில் எல்லாம் வந்து இறங்கியது. மூலையில் கீறல் விழுந்த கண்ணாடித் தொட்டி. ஒரு கதவு இல்லாத மர ஸ்டாண்டு. தண்ணீரைச் சுற்றிவிடுகிற மோட்டார். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளுகிற ஸ்கிம்மர், அதன் கிண்ணத்தில் பசை போட்டு ஒட்டிய விரிசல். நீல லைட்டு. ஈரச் சாக்கில் சுற்றிய பாறைகள். அப்புறம் ஒரு ஹீட்டர்.

என் மனைவி எல்லாவற்றையும் சுற்றி வந்து பார்த்தாள். ஹீட்டரை எடுத்துக் காட்டி, "இது இன்னாது?" என்றாள்.

"தண்ணிய சூடு பண்றது."

"நம்ம ஊர் வெயில்ல மீனுக்கு வெந்நீர் வெச்சுக் குடுக்கப் போறீங்களா?"

டிரைவர் அங்கேயே குனிந்து சிரித்தார். ஹீட்டர் பரணுக்குப் போனது. இன்றுவரை இறங்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு நடக்கிறவள். பூஜை அலமாரிக்கு எதிர்ச் சுவரை எனக்குக் காட்டி, "இங்க வெச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு. வூட்டுக்குள்ள உயிரக் கூட்டிகினு வர்றீங்க. அதுல ஒண்ணு செத்துச்சுன்னாலும் அன்னிக்கே இது மொத்தமும் வெளிய போய்டணும்" என்றாள்.

"ஞாயித்துக்கெழம வஞ்சிரம் வறுக்கிறியே?"

"சட்டிக்கு வர்றது வேற, வூட்டுக்கு வர்றது வேற."

முருகன் சாட்சியாக ஒப்புக்கொண்டேன்.

முதலில் வாசலில் வைத்து மூன்று நாள் வெறும் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தேன். கீறல் தாங்கியது. பிறகு சுத்திகரித்த தண்ணீர் கேன் கேனாக வந்தது. கொளத்தூர் மீன் கடையிலிருந்து கடல் உப்புப் பொடி வந்தது. பவளம் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் கும்பிடு போட்டு, "அதை விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது சார், சட்டம். பாறையே போதும்" என்றார். உப்பைக் கரைத்து, அளக்கிற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, கோடு சரியாக வரும்வரை பொடி, தண்ணீர், பொடி, தண்ணீர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. டிரைவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "எங்க ஊரேதான்!" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

உடனே மீன் விடக்கூடாதாம். உள்ளே அடுக்கிய பாறையில் நல்ல கிருமிகள் பெருக வேண்டும், ஒரு மாதம் பொறு என்றார் கடைக்காரர். எனவே ஒரு மாதம் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "மீன் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "மீனு ஓவர்டைம் போயிருக்கு. ஷிப்ட் முடிஞ்சு வரும்" என்று என் மனைவி பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல்: "என்னங்க! ஓடியாங்க! மயிலு!"

பேஸ்ட் நுரையோடு ஓடினேன். பாறையின் ஒரு பொந்திலிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு விசிறி விரிந்திருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக, அச்சு அசல் மயில் தோகை. நான் மூச்சு விட்டதும் சட்டென்று உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதை மூச்சு விட்டு மூடவைத்து விளையாடினோம். அன்று நான் ஷிப்டுக்கு லேட்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "அது ஒரு வகைப் புழு சார். பாறையோட வந்திருக்கும்" என்றார்.

"புழுவாம்! போன வைங்க மொதல்ல" என்றாள் அவள். அன்றிலிருந்து சாமிக்குத் தீபம் காட்டிவிட்டு அந்தப் பக்கமும் ஒருமுறை காட்டுவாள். பிறகு இரண்டு ஆரஞ்சு மீன்கள் வந்தன. வாலை ஆட்டி ஆட்டி அவை நீந்திய அழகில், நான் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

முதல் நாளே கம்பெனியில் லைனை நிறுத்தி, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டோம். வருஷம் பூரா உழைக்கிற மிஷினுக்கு ஒரு நாள் ஓய்வு. வீட்டுக்கு வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. என் தொட்டி மோட்டார் இரவும் பகலும் ஓடுகிறதே, அதுவும் ஆயுதம்தானே?

மறுநாள் காலை ஸ்விட்சை அணைத்தேன். மோட்டாரையும் ஸ்கிம்மரையும் கழற்றிக் கழுவித் துடைத்தேன். வாழை இலையில் ஸ்பேனர், அரிவாள்மனை, தையல் மிஷின் கத்தரிக்கோல், இவற்றோடு வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். பொரி, கடலை, அவல், சாம்பிராணி. எங்கள் வீட்டு வழக்கம், பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். எனக்கு ஒரே பெருமை. அழகுக்கு, தொட்டியின் மேல் மூடியைப் போட்டு ஒரு முழம் சாமந்தி வேறு.

மத்தியானம் பொரி சாப்பிட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். இரண்டு மீனும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மயில் தோகை மூடிக் கிடந்தது. மூச்சு விட்டு மூடவைக்க அங்கே ஒன்றுமில்லை.

"முருகா" என்று கத்தினேன். மாடியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். இலையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கடலுக்கே லீவு விட்டுட்டியளா? எங்க ஊர்ல ஒரு நாளாச்சும் அலை லீவு எடுத்துப் பாத்துருக்கியளா?"

நான் மோட்டாரை எடுக்கக் குனிந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. பூஜையில் இருப்பதை எப்படித் தொடுவது? எடுத்தால் தெய்வக் குற்றம். எடுக்காவிட்டால் உயிர் போகும். உயிர் போனால் தொட்டியும் போகும். குனிந்தபடியே நின்றேன்.

என் மனைவிதான் முன்னால் வந்தாள். மூடியைத் தூக்கி எறிந்தாள். பித்தளைச் சொம்பைக் கழுவி வந்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு, கையை உயரத் தூக்கி, சலசலவென்று திரும்ப ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். காற்றுக் கலந்து குமிழி குமிழியாக நுரைத்தது.

"ஆயுதத்ததான் தொடக் கூடாது. கையால மொண்டு ஊத்தக் கூடாதுன்னு எவனும் சொல்லல. புடிங்க."

நான் ஊற்றினேன். டிரைவர் ஊற்றினார். தரையெல்லாம் கடல். அவள் கற்பூரம் ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "பூஜ போட்ட வண்டிய எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி அப்பவே ஓட்டிகினு போறாங்க இல்ல?"

"ஆமா."

"ஃபிரிட்ஜ நிறுத்துனீங்களா?"

"இல்ல."

"உங்க மூச்ச?"

டிரைவருக்குச் சிரிப்பு தாங்காமல் சொம்பு கையிலிருந்து நழுவியது. அவள் அப்போதே மறுபூஜையை முடித்தாள். மோட்டாரைத் தன் கையாலேயே எடுத்தாள். சந்தனம் தண்ணீரில் கலந்துவிடும் என்று நான் முனகியதும், அதை முந்தானையால் அழுந்தத் துடைத்து, விரலில் ஒட்டியதை என் நெற்றியில் பூசினாள். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். "போடுங்க" என்றாள்.

ஸ்விட்சைப் போட்டேன். உர்ரென்று ஓடியது. அந்த உறுமலைக் கேட்டு நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றும் இரண்டு பேரும் சண்டை போடுகிறோம்.

விளக்கு வைப்பதற்குள் மீன்கள் நடுத்தண்ணீருக்கு இறங்கிவிட்டன. தோகை மட்டும் வெளியே வரவில்லை. அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்க எனக்கும் பயம், சொல்ல அவளுக்கும் பயம். மறுநாள் காலை அவள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், கத்தவில்லை. என் தோளைத் தட்டி எழுப்பி, உதட்டில் விரல் வைத்து, கூட்டிப்போய்க் காட்டினாள். விரிந்திருந்தது. இருவரும் மூச்சு விடாமல் பார்த்தோம்.

அதற்கப்புறம் தொட்டி அவளுடையது. நான் ஸ்விட்சுப் பக்கம் போக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது ஏன் எழுதினேன் என்றால், தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. எங்கள் தொட்டியில் முருகன் மயிலோடு காட்சி கொடுத்தார் என்று போன மாதம் பூந்தட்டோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஆகையால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருப்பது இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற எதையும் மறைக்க வேண்டாம், சாமிக்குப் பெருமை சேர்க்க எதையும் கூட்டவும் வேண்டாம். அவருக்கு இருப்பதே போதும். பாறையில் வந்தது புழு. ஸ்விட்சை அணைத்தது நான். சொம்பை எடுத்தது அவள்.